அப்பா சொல்லிச் சுளுக்கிய கால்

அன்றைக்கு என் இடது கால் சுளுக்கியிருந்தது. சுளுக்கியிருக்க வேண்டும் என்று அப்பா முதல் நாளே சொல்லிவிட்டார். வலது காலா இடது காலா என்று அம்மா கேட்டதற்கு, ஏதாவது ஒன்றைச் சொல்லிப் பழக்கு, மாற்றி மாற்றி நொண்டி மானத்தை வாங்கிவிடப் போகிறாள் என்றார். எனக்கு அப்போது ஒன்பது வயது. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நொண்டிப் பார்த்தேன். திரும்பி வரும்போது இன்னும் நன்றாக வந்தது. அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து புடவைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி ஊசியில் கண்ணை வைத்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் வலது கால் சூம்பிப்போனது. நடக்கும்போது ஒரு பக்கம் தாழ்ந்து எழுவாள். அதை ஒரு குறை என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. படிக்கட்டில் ஓர் அடி அழுத்தமாகவும் அடுத்த அடி லேசாகவும் கேட்டால் அத்தை வருகிறாள் என்று அர்த்தம். அவள் கைப்பையில் உடைந்த சாக்லேட் துண்டுகள் பொட்டலமாக இருக்கும் என்றும் அர்த்தம். ஏரிக்குப் போகிற சாலையில் ஒரு சாக்லேட் கடையில் அவளுக்கு வேலை. உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து எடை போட்டுக் கொடுப்பாள். வாய் ஓயாமல் பேசுவாள், டூரிஸ்ட்டுகளும் அவளோடு சிரித்துப் பேசுவார்கள். தைலப் பாட்டில் எடுத்துக் கொடுக்க அவள் ஸ்டூலை விட்டு இறங்கி நடந்ததும் சிலருடைய குரல் தணிந்துவிடும். மெதுவாங்க, மெதுவா என்பார்கள். எனக்கு மெதுவா நடக்கத் தெரியாதுன்னு அவங்களுக்கு யாரு சொல்றது என்று வீட்டில் வந்து சொல்லுவாள்.

பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பெண்தான் காபி கொண்டுவந்து கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் சமையலறையிலிருந்து முன்னறைக்கு எட்டு அடி. பெரிய தூரமில்லை, ஆனால் நாலு முறை அந்த எட்டு அடியில்தான் அத்தையின் கல்யாணம் நின்றது. கால்ல லேசா ஒரு இது என்று தரகர் முன்கூட்டியே சொல்லித்தான் கூட்டி வருவார். அந்த 'இது' எவ்வளவு என்பதில் அவருக்கும் வந்தவர்களுக்கும் கணக்கு ஒத்துப்போகாது. அத்தை கொண்டுவரும் தட்டில் ஒரு சொட்டுக் காபி சிந்தாது. ஆனால் வந்தவர்கள் யாரும் காபியைப் பார்த்ததில்லை. பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள்.

ஐந்தாவது வரன் பழனியிலிருந்து வந்தது. அடிவாரத்தில் பாத்திரக் கடை. அப்பா இல்லாத பையன், அம்மா சொல் தட்டாத பிள்ளை. முதலில் அம்மாவும் பிள்ளையும் மட்டும் பார்ப்பார்களாம். வீட்டுக்கெல்லாம் வேண்டாம், முருகன் கோயிலிலேயே பார்த்துக்கொள்வோம் என்று சொல்லி அனுப்பினார்கள். கோயிலில் பெண் பார்ப்பது எங்கள் பக்கத்தில் நல்ல வழக்கம். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட வந்தது போல அவரவர் வழியில் போய்விடலாம், யாருக்கும் அவமானமில்லை. ஆனால் பழனி என்றால் படி. விஞ்ச்சில் ஏறிப் போனாலும் மேலே பிராகாரம் இருக்கிறது, நிற்க வரிசை இருக்கிறது. அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்பா டாக்ஸி ஓட்டினார். மேகம் மூடிய பள்ளத்தாக்குக்கு முன்னால் வெளியூர்க்காரர்களை நிறுத்தி, பத்து நிமிஷம் நில்லுங்க சார், தெறந்துரும் என்று சொல்லிச் சொல்லிப் பழகியவர். சில நாள் திறக்கும், பல நாள் திறக்காது. திறக்காத நாளிலும் தான் சொன்னது பொய் என்று அவருக்குத் தோன்றியதில்லை. தங்கை விஷயத்திலும் அவர் அப்படித்தான் நினைத்தார். முதலில் முகத்தைப் பார்க்கட்டும், பேச்சைக் கேட்கட்டும், மனசுக்குப் பிடித்துப் போகட்டும். கால் விஷயத்தை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. மலையடிவாரத்தில் ஓர் அணை இருக்கிறது. அணைக்கு வந்து சேரும் ஆற்றைப் பரிசலில் கடந்தால் அக்கரையில் பாறைகளுக்கு நடுவே ஓர் அருவி. குடும்பத்தோட ஃபால்ஸ் பாத்த மாதிரியும் இருக்கும், பொண்ணப் பாத்த மாதிரியும் இருக்கும் என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார். பரிசலில் யாரும் நிற்க முடியாது. ராஜாவே ஆனாலும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அவர்கள் வருவதற்கு முன்பே அத்தையைப் பரிசலில் ஏற்றி உட்கார வைத்துவிடுவது. அக்கரையில் என் சுளுக்கு என்னை நடக்க விடாது, எனக்குத் துணையாக அத்தை பரிசலிலேயே இருந்துவிடுவாள், மற்றவர்கள் அருவி பார்த்துவிட்டு வருவார்கள். இக்கரைக்கு வந்ததும் அவர்கள் முதலில் இறங்கிப் பஸ்ஸைப் பிடிப்பார்கள். தரகரிடம் இந்த முறை அந்த 'இது'வைக்கூடச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

இவ்வளவும் பின்னால் நானாகக் கோத்துத் தெரிந்துகொண்டவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எல்லோரும் அருவிக்குப் போவார்கள், நான் போக மாட்டேன். என்ன தப்புக்கு இந்தத் தண்டனை என்று யோசித்து, போன வாரம் காரின் பக்கக் கண்ணாடியைத் திருகி உடைத்ததற்காக இருக்கும் என்று முடிவு செய்தேன்.

வெள்ளனே கிளம்பினோம். அத்தை மயில் கழுத்து நிறத்தில் புடவை கட்டியிருந்தாள். மலைப்பாதையில் வடகவுஞ்சி தாண்டுவதற்குள் நான் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். சுளுக்குக்கு வாந்தி வருமாடி என்று அத்தை என் காதில் கேட்டாள். இருவரும் சிரித்தோம். "சிரிக்கிற சோலிய எல்லாம் சாயங்காலம் வச்சுக்கங்க" என்றார் அப்பா, திரும்பாமலேயே.

ஆற்றங்கரையில் பரிசல்காரர் மட்டும்தான் இருந்தார். அப்பா ஒரு பக்கமும் அம்மா ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ள, அத்தை சேற்றில் கால் வைத்துப் பரிசலில் ஏறினாள். பரிசல்காரர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "பதறாம வாம்மா, நான் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். அவள் உட்கார்ந்ததும் அப்பாவைப் பார்த்து, "மத்த ஆளுக வராம இவங்கள மட்டும் ஏத்தி வச்சா வெயில்ல காயணுமேங்க" என்றார்.

"கெடக்கட்டும்ப்பா. காலை வெயில் நல்லது."

அரை மணி நேரம் அத்தை அந்தப் பரிசலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அம்மா கரையிலிருந்தபடியே, பூவை முன்னால் எடுத்துவிட்டுக்கொள், முந்தானையை இழுத்துவிட்டுக்கொள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மணலில் நொண்டிக்கொண்டிருந்தேன்.

பையனும் அம்மாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அந்த அம்மா கனத்த உடம்பு. தண்ணீரைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. "பொறந்ததுலேர்ந்து இதுல ஏறுனதில்ல தம்பி" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே ஏறி, பரிசல்காரர் கை காட்டிய இடத்தில் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பரிசல் வட்டமாக இருப்பதால் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துத்தான் உட்கார வேண்டும். பையன் அத்தைக்கு நேர் எதிரே உட்கார்ந்து துடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனா. பேனா வைத்திருந்ததால் அவர் வாத்தியார் என்று நினைத்தேன்.

நடு ஆற்றில் பரிசலைச் சுற்றிவிடுவது பரிசல்காரர்கள் வழக்கம். வருகிறவர்கள் கத்திச் சிரித்தால் அவர்களுக்கு ஒரு திருப்தி. இவரும் யாரையும் கேட்காமல் துடுப்பைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். அந்த அம்மா "முருகா" என்று அலறி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணியப் பாக்காதீங்கம்மா. என்னையப் பாருங்க" என்றாள் அத்தை.

பரிசல் சுற்றி நிற்கும் வரைக்கும் அவர் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பார்த்தது என்றால் அதுதான். நின்ற பிறகும் கையை விடவில்லை. பிடித்த கையோடு என்ன படித்திருக்கிறாய், கடையில் எத்தனை மணி வரை வேலை, மீன் குழம்பு வைக்கத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே வந்தார். அத்தையும் கடையில் பேசுவது போலவே கலகலவென்று பதில் சொன்னாள். மீன் குழம்பு வைப்பேன், ஆனால் முள் எடுத்துத் தர மாட்டேன் என்றாள். பையன் துடுப்பை விட்டுவிட்டு அத்தையைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவின் முகத்தில் மேகம் விலகியது.

"நல்ல தைரியம் தாயி உனக்கு" என்றார் அந்த அம்மா. "இவன் வீட்டுல பேசவே மாட்டான். எல்லாப் பேச்சையும் இவங்கூடப் பொறந்தவ வாங்கிட்டுப் போயிட்டா. ரெண்டும் ரெட்டை. அவ ரெண்டு நிமிஷம் மூத்தவ. அவளக் கட்டிக் குடுத்தாச்சு."

அம்மா சட்டென்று அப்பாவைப் பார்த்தாள். அப்பாவுக்கு உடனே புரியவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. இரட்டைப் பிள்ளை பெற்றவள் கையால் நீவிவிட்டால் எந்தச் சுளுக்கும் போய்விடும். தெருவில் அப்படி ஒருத்தி இருந்தால் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஆட்கள் வாசலில் வந்து நிற்பார்கள். தரகர் ஜாதகம் சொன்னார், கடை சொன்னார், நிலம் சொன்னார். இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்பா எனக்குக் காய்ச்சல் வரவழைத்திருப்பார்.

அக்கரையில் பரிசல் தட்டி நின்றது. அத்தையைத் தவிர எல்லோரும் இறங்கினோம். நான் மறக்காமல் இடது காலைத் தூக்கிக்கொண்டேன். அப்பா மனப்பாடம் செய்ததைச் சொன்னார். "பாப்பாவுக்கு நேத்துக் கால் சுளுக்கிருச்சுங்கம்மா. பாறையில நடக்க மாட்டா. அவ அத்தையோட இங்கனயே இருக்கட்டும். நாம வெரசாப் பாத்துட்டு வந்துருவோம்."

"சுளுக்கா? இத மொதல்லயே சொல்லக் கூடாதா தம்பி. நான் எதுக்கு இருக்கேன்?"

வேண்டாம் என்று யாரும் சொல்வதற்குள் அவர் ஒரு பாறையில் உட்கார்ந்து என் காலை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டார். அவர்களுக்கே கொடுப்பதற்காகக் கொடைக்கானலிலிருந்து கொண்டுவந்த தைலப் பாட்டில் அம்மாவின் பையில் வெளியே தெரியும்படி இருந்தது. அம்மா எடுத்துக் கொடுத்தாள்.

கணுக்காலிலிருந்து மேலே நீவினார். விரலை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டார். சுகமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவருடைய கை மெதுவானது. கட்டைவிரலால் ஓர் இடத்தை அழுத்தினார், இன்னோர் இடத்தை அழுத்தினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். கடைசியாக, வெயிலில் இன்னும் பரிசலிலேயே உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்தார்.

"வீக்கமும் இல்ல, சூடும் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னிடம், "வலிக்குதா பாப்பா?" என்றார்.

ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்குத்தான் அப்பா என்னை அவ்வளவு தூரம் கூட்டி வந்திருந்தார். அவர் கண் என் மேலேயே இருந்தது. ஆனால் பாறைக்கு அந்தப் பக்கம் அருவிச் சத்தம் கேட்டது. நான் அத்தையைப் பார்த்தேன். இல்லைன்னு சொல்லு என்பது போல அவள் மெல்லத் தலையை ஆட்டினாள். அவளுக்கும் அருவி பார்க்க ஆசையாக இருக்கிறது என்று நினைத்தேன்.

"இல்ல. சரியாயிருச்சு" என்றேன்.

"அப்ப எந்திரி. நட." நடந்தேன். நடந்தது போதாதென்று ஓடியும் காட்டினேன். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளைக்குத்தான் சரியாப் போச்சே. நீயும் வாம்மா" என்றார் அத்தையிடம்.

"அவளுக்குக் காலையிலேர்ந்து தலைவலிங்க" என்றாள் அம்மா.

"தலைவலியெல்லாம் இல்ல மதினி. நானும் வர்றேன்."

அத்தை பரிசல்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். புடவை நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். அருவிக்கு இருநூறு அடி இருக்கும். கூழாங்கல், பிறகு பாறை. அழுத்தமாக ஓர் அடி, லேசாக ஓர் அடி. வீட்டுப் படிக்கட்டில் எப்படி வருவாளோ அப்படியே வந்தாள். அப்பா கீழே பார்த்துக்கொண்டே நடந்தார். வழுக்கலான ஓரிடத்தில் பையன் நின்று கை நீட்டினார். அத்தை அதைப் பிடித்துத் தாண்டி, தேங்க்ஸ்ங்க என்று சொல்லிவிட்டுக் கையை விட்டாள். அவர் நல்ல மனிதர். அதை அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அருவி நான் நினைத்த அளவு பெரிதாக இல்லை. இரண்டு ஆள் உயரத்திலிருந்து விழுந்து, கீழே ஒரு குளம் போலத் தேங்கியிருந்தது. நான் உடையோடு இறங்கி ஆடினேன். அத்தை ஒரு பாறையில் உட்கார்ந்து புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி, இரண்டு காலையும் தண்ணீரில் விட்டாள். ஒன்று பருமனாகவும் ஒன்று என் கால் அளவுக்கும் இருந்தன. வீட்டுக்கு வெளியே அவள் அப்படிக் காலைக் காட்டி நான் பார்த்ததில்லை. அந்த அம்மாவும் பார்த்தார். பார்க்கட்டும் என்று அத்தை விட்டுவிட்டாள்.

நாலாம் நாள் தரகர் போன் செய்தார். கால் எங்களுக்கு ஒரு விஷயமே இல்லை, பிள்ளையை வைத்துப் பொய் சொல்லியிருக்க வேண்டாம் என்று சொன்னார்களாம். அது நிஜமா, அல்லது மறுப்பதற்கு மரியாதையான ஒரு காரணமா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. நிஜமாக இருந்தால் அந்த வரன் அப்பாவால் போனது. நிஜமில்லை என்றால் காலால் போனது. அப்பா போனை வைத்துவிட்டுப் போய், காலையில் கழுவிய காரை இன்னொரு முறை கழுவினார். அவர் கெட்டவர் இல்லை. தங்கைமேல் உயிராக இருந்தவர். அந்தப் பாசம் அவரை எவ்வளவு சிறியவராக நடக்க வைத்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அம்மாவுக்கு யாரையாவது குறை சொல்ல வேண்டியிருந்தது. வலிக்குதுன்னு இவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்று ஆரம்பித்தாள். அவள ஏன் சொல்றீங்க மதினி, நாந்தான் சொல்லச் சொன்னேன் என்றாள் அத்தை. ஏன் அப்படிச் செய்தாய் என்று அன்றைக்கு யாரும் அவளைக் கேட்கவில்லை.

கல்லூரிக்குப் போன பிறகு நான் கேட்டேன். கடையில் கூட்டமில்லாத ஒரு மழை நாள். அத்தை பொட்டலம் மடித்துக்கொண்டே, "நீ தண்ணித் தொட்டி வரைக்கும் நொண்டிப் பழகுனியே. அத ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டே இருந்தேன்ல" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த பொட்டலத்தை மடிக்க எடுத்தாள். அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதைச் சோகக் கதையாக யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். இப்போது அந்தக் கடையை அவள்தான் எடுத்து நடத்துகிறாள். ஸ்டூலில் வேலைக்கு வந்த பெண் உட்கார்ந்திருக்கிறாள். அத்தை கடை முழுக்க நடந்துகொண்டிருக்கிறாள்.

ஆனால் அன்றைக்கு அருவியிலிருந்து திரும்பும்போது இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. ஈரத் துணியோடு, தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட, உலகத்திலேயே சந்தோஷமான ஆளாக நான்தான் பரிசலில் முதலில் ஏறினேன். போகும்போது உட்கார்ந்த இடத்திலேயே எல்லோரும் உட்கார்ந்தோம். நடு ஆற்றில் பரிசல்காரர், சுத்தி விடவாங்க என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்.

அந்த அம்மா அலறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பரிசலின் ஓரத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் அத்தையின் கை மடியில் விரித்தபடி கிடந்தது.

நான் அத்தையின் காதருகே போய், "பாத்தியா அத்தை, அவங்களுக்குப் பயம் போயிருச்சு. ஒன் கையப் பிடிக்கவே இல்ல" என்றேன்.

ஆமாம் என்றாள் அத்தை. எனக்குப் பெருமையாக இருந்தது. போகும்போது எங்கள் அத்தை கையைப் பிடித்துக்கொண்டு வந்ததால்தான் அவருக்குப் பயம் தெளிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.